கீசர் மாற்றும் முன் உங்கள் தண்ணீரைப் பாருங்கள்: வீட்டு வெந்நீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் வீடுகளுக்குக் கீசரும் சோலார் வெந்நீர்க் கருவியும் பொருத்துவது, பழுது பார்ப்பது என் தொழில். மார்கழி பிறந்துவிட்டால் தொலைபேசி ஓயாது. கேட்கிறவர்கள் வேறு வேறு ஆட்கள். கேள்விகள் பெரும்பாலும் இவைதான். அவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "உங்கள் குளியலறைக் குழாயில் வருவது என்ன தண்ணீர்?" எந்தக் கம்பெனி, எத்தனை ஸ்டார், என்ன விலை என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரவேண்டிய பேச்சு. தண்ணீரைக் கேட்காமல் வாங்கிய நல்ல கீசர்கள் இரண்டே வருடத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

பத்து வருடக் கீசர் இன்னும் ஓடுகிறது. மாற்றத்தான் வேண்டுமா?

வயதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கீசருக்குள் காயில், தெர்மோஸ்டாட், கட்-அவுட் (சூடு மீறினால் அணைப்பது), அனோடு ராடு (தொட்டிக்குப் பதிலாக அரிபடும் கம்பி), ரப்பர் வாஷர் ஆகியவை கழற்றி மாற்றக்கூடியவை. எது போனாலும் புதிது போட்டுக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் தொட்டி ஓட்டையானால் மட்டும் மருந்து கிடையாது. பற்றவைத்துத் தருகிறேன் என்று சொல்பவரை நம்பாதீர்கள். பற்றவைத்த சூட்டில் உள்பூச்சு கருகி, அடுத்த ஓட்டை அதற்குப் பக்கத்திலேயே விழும்.

கீசர் நம்மிடம் முன்கூட்டியே சொல்லும். சுவிட்ச் போட்டதும் உள்ளே பொரி பொரிவது போலச் சத்தம் கேட்டால், காயிலின் மேல் உப்பு அப்பியிருக்கிறது. முன்பு கால் மணி நேரத்தில் சூடானது இப்போது அரை மணி நேரம் எடுத்தால் காரணம் பெரும்பாலும் அதுவே. இவை இரண்டும் சர்வீஸில் சரியாகும். காலையில் முதலில் வரும் வெந்நீர் செம்மண் நிறத்தில் வந்தால் தொட்டி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. அடிமூடியின் விளிம்பில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிந்தால், உடனே சுவிட்சை அணைத்துவிட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வாஷரில் இருந்து வந்தால் செலவு சிறியது; தொட்டியில் இருந்து வந்தால் புதிது வாங்கும் நேரம். கீசரைப் போட்டதும் மெயின் டிரிப் ஆகிறது என்றால் காயில் வெடித்து மின்சாரம் தண்ணீருக்குக் கசிகிறது என்று பொருள். "டிரிப் ஆகாதபடி செய்துகொடுங்கள்" என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்கிறவர்கள் உண்டு. அந்த டிரிப்தான் உங்கள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

எத்தனை லிட்டர் வாங்குவது?

கடையில் "எத்தனை பேர்?" என்று கேட்பார்கள். "எப்படிக் குளிப்பீர்கள்?" என்று கேட்பதுதான் சரி.

கோவையில் குழாய்த் தண்ணீர் சுமார் 27 டிகிரி என்று வையுங்கள். கீசர் அதை 60 டிகிரிக்குக் கொண்டுபோகிறது. நாம் குளிக்கும் சூடு 40. அப்படியானால் 15 லிட்டர் வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலந்தால் கணக்குப்படி 38 லிட்டர் கிடைக்கும். கிட்டத்தட்ட இரண்டு வாளி. 25 லிட்டர் கீசரில் 63 லிட்டர், மூன்று வாளி. வாளியில் பிடித்து மொண்டு ஊற்றிக் குளிக்கும் வீட்டில், ஒருவர் பின் ஒருவராக நான்கு பேர் குளித்தாலும் 15 லிட்டர் போதும். 2 கிலோவாட் கீசர் 15 லிட்டரை மீண்டும் சூடாக்க எடுப்பது 17, 18 நிமிடம்தான். ஷவரில் நின்று குளிக்கும் பிள்ளைகள் இருந்தால் 25 லிட்டர் வாங்குங்கள். அதற்கு மேல் ஒரு குளியலறைக்குத் தேவையில்லை.

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் கணக்கு வேறு. அங்கே தை மாதக் காலையில் தொட்டித் தண்ணீர் 12 டிகிரிக்கு இறங்கும். அதே 25 லிட்டரில் கலந்து கிடைப்பது 43 லிட்டர்தான். சமவெளியில் 15 போதுமென்றால் மலையில் 25 வேண்டும்.

சின்ன இன்ஸ்டன்ட் கீசர் போதாதா?

சமையலறைப் பாத்திரம் கழுவ, முகம் கழுவ, ஒருவர் இருவர் வாளியில் பிடித்துக் குளிக்கப் போதும். 3 லிட்டர், 3 கிலோவாட் கீசர் சமவெளியில் 20 லிட்டர் வாளியை ஆறு நிமிடத்தில் நிரப்பும். மலையில் அதே வாளிக்குப் பதின்மூன்று நிமிடம் ஆகும். ஷவருக்கு இது ஒத்துவராது. தண்ணீரைச் சற்றுத் திறந்துவிட்டாலே சூடு போய்விடும்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். உப்புத்தண்ணீருக்கு எந்தக் கீசர் நல்லது?

மற்ற எல்லாக் கேள்வியையும் விட இதற்கு நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

முதலில் உப்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். நாம் உப்புத்தண்ணீர் என்று சொல்வதில் கால்சியமும் மக்னீசியமும் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கின்றன. குளிர்ந்த தண்ணீரில் அவை கண்ணுக்குத் தெரியாது. சூடு ஏறியதும் பிரிந்து, சுண்ணாம்புக் கல்லாகப் படிகின்றன. எங்கே சூடு அதிகமோ அங்கே அதிகம் படியும். கீசருக்குள் அந்த இடம் காயில். கல் போர்த்திய காயிலின் சூடு தண்ணீருக்குள் போக வழியில்லாமல் காயிலுக்குள்ளேயே தங்கி அதை எரிக்கிறது. போன வருடம் சரவணம்பட்டியில் ஒரு வீட்டில் மூன்று வயதுக் கீசரின் அடிமூடியைக் கழற்றினேன். இரண்டு கை நிறைய வெள்ளைச் சில்லுகள், உடைந்த முட்டை ஓடு போல, வாளியில் கொட்டின. காயில் இருந்த இடத்தில் பிள்ளைகள் செய்யும் களிமண் பாம்பு போல ஒன்று தொங்கியது. கட்டைவிரல் பருமன் இருக்க வேண்டிய அனோடு ராடு, குடைக்கம்பி போல வெறும் கம்பியாகக் கிடந்தது. அந்த வீட்டு அம்மா, "ஐந்து ஸ்டார் பார்த்து வாங்கினோமே தம்பி" என்றார். ஸ்டாரில் குற்றம் இல்லை. அந்தத் தண்ணீருக்கு வருடம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்ய வேண்டும் என்று விற்றவர் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இப்போது தேர்வு. தொட்டி இரும்பில் செய்து உள்ளே கண்ணாடிப் பூச்சு இட்டது, பாலிமர் பூச்சு இட்டது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், செம்பு என்று கிடைக்கிறது. உப்புத்தண்ணீருக்குக் கண்ணாடிப் பூச்சுத் தொட்டியும், இன்கோலாய் என்ற உலோகக் கலவை உறையிட்ட காயிலும், தடித்த மக்னீசியம் அனோடும் உள்ளதை வாங்குங்கள். காயிலின் மேலும் கண்ணாடிப் பூச்சு இருந்தால் இன்னும் நல்லது. படிவது குறையாவிட்டாலும் கழுவும்போது எளிதாக உதிரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று நம்பி வாங்குகிறார்கள். குளோரைடு மிகுந்த போர் தண்ணீரில் அதன் பற்றவைத்த மூட்டுகளில் ஊசித்துளை விழுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதற்கெல்லாம் முன் ஒரு வழி இருக்கிறது. கோவையில் எத்தனையோ வீடுகளில் இரண்டு தொட்டி, இரண்டு குழாய்: சமையலறைக்கு நல்ல தண்ணீர், குளியலறைக்கு உப்புத்தண்ணீர். எங்கள் ஊருக்கு வரும் சிறுவாணி ஆற்றுத் தண்ணீரின் மென்மையைப் பற்றி நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடியில் நல்ல தண்ணீர்த் தொட்டியில் இருந்து கீசருக்கு மட்டும் ஒரு தனிக் குழாய் இறக்குங்கள். கலந்துகொள்ளும் பச்சைத் தண்ணீர் போரில் இருந்தே வரட்டும். நான்கு பேர் குளிக்க ஒரு நாளைக்குக் கீசருக்குள் போவது சுமார் 30 லிட்டர்தான். மாநகராட்சித் தண்ணீர் நாள் விட்டு நாள் வந்தாலும் அதற்குத் தாங்கும். ஒரு நாள் பிளம்பர் வேலை, சில மீட்டர் குழாய். கீசரின் ஆயுள் பல வருடம் கூடும். புது வீடு கட்டுகிறவர்கள் சுவரைப் பூசும் முன் இதைச் செய்துவிடுங்கள். பூசிய பிறகு டைல்ஸை உடைக்க யாருக்கும் மனம் வராது.

அனோடு ராடு என்றால் என்ன? அதை மாற்றத்தான் வேண்டுமா?

தொட்டிக்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுக்கும் மக்னீசியக் கம்பி அது. அது கரைந்துகொண்டிருக்கும் வரை தொட்டி அரிக்காது. அது தீர்ந்த மறுநாளே தொட்டியின் முறை தொடங்குகிறது. போர் தண்ணீருக்கு வருடம் ஒருமுறை, நல்ல தண்ணீருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். புதுக் கீசரின் விலையோடு ஒப்பிட்டால் இந்தக் கம்பியின் விலை ஒன்றுமே இல்லை.

சுத்தம் செய்யும்போது கழிவறை ஆசிட்டை உள்ளே ஊற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள். உப்போடு சேர்த்துத் தொட்டியையும் தின்றுவிடும். காயிலைக் கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்தால் சில மணி நேரத்தில் படிவம் நெகிழ்ந்துவிடும்.

டி.டி.எஸ். மீட்டரில் 900 காட்டுகிறது. அப்படியானால்?

அந்த எண் கரைந்திருக்கும் எல்லாவற்றின் கூட்டுத்தொகை. கீசருக்குத் தெரிய வேண்டியது கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்பது. இரண்டும் வேறு. குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. 200ஐத் தாண்டினாலே கீசரில் படியும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வுக்கூடம் உண்டு. ஒரு பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்துச் சோதிக்கலாம். அவ்வளவு தூரம் போகாமலேயே கண்டுபிடிக்க வேண்டுமென்றால் துவைக்கும் சோப்பைத் தேயுங்கள். நுரைக்காமல் தயிர்த் திரி போலத் திரிந்தால் உங்கள் தண்ணீர் கடினம்.

சோலார் போட்டுவிட்டால் மின்சாரச் செலவே இருக்காதா?

வெயில் நம் ஊருக்குக் குறைவில்லை. 100 லிட்டர் சோலார் நல்ல வெயில் நாளில் தரும் சூடு சுமார் 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சொந்த மொட்டை மாடி இருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது சோலார்தான். ஆனால் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் கூடும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. அந்த நாட்களில் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். தொட்டிக்குள் ஒரு மின்காயில் வைத்துக்கொள்ளலாம். அதைவிட, சோலார்த் தண்ணீரைப் பழைய கீசர் வழியாகக் குளியலறைக்கு விடுவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. வெயில் நாளில் கீசர் சும்மா இருக்கும். மழை நாளில் குறையை மட்டும் நிரப்பும். மேலே 100 லிட்டரையும் மின்சாரத்தில் சூடாக்க வேண்டியதில்லை. சோலார்த் தண்ணீர் கோடையில் 80 டிகிரியையும் தாண்டும் என்பதால், உங்கள் கீசர் அந்தச் சூட்டைத் தாங்குமா என்று கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாங்காது என்றால் கீசரைச் சுற்றி ஒரு மாற்றுக் குழாயும் வால்வும் போதும்.

சோலாரில் குழாய் வகையா, தட்டு வகையா?

மறுபடியும் தண்ணீர்தான் பதில் சொல்லும். தட்டு வகையில் தண்ணீர் ஓடும் செம்புக் குழாய்கள் அரை அங்குலம்தான். போர் தண்ணீர் அவற்றைச் சில வருடத்தில் அடைத்துவிடும். கண்ணாடிக் குழாய் வகையில் உள்விட்டம் 37 அல்லது 47 மில்லிமீட்டர். உப்பு படிந்தாலும் அடைபடாது. வருடம் ஒருமுறை கழற்றிக் கழுவலாம். நல்ல தண்ணீர் இருந்து, குரங்குத் தொல்லையோ பிள்ளைகள் பந்து விளையாடும் மாடியோ இருந்தால் தட்டு வாங்குங்கள்; அது உழைக்கும். மற்றவர்களுக்குக் கண்ணாடிக் குழாய் போதும், விலையும் குறைவு.

கண்ணாடிக் குழாயில் ஒரு எச்சரிக்கை. தொட்டி காலியாகி, குழாய்கள் வெயிலில் காய்ந்து கிடக்கும்போது பகலில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றாதீர்கள். பச்சைத் தண்ணீர் பட்டதும் ஒவ்வொன்றாக வெடிக்கும். பொழுது சாய்ந்து ஆறிய பிறகோ விடிவதற்கு முன்போ நிரப்புங்கள்.

பொருத்தும் இடத்தில் பார்க்க வேண்டியவை: பலகை தெற்கு பார்க்க வேண்டும். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை பக்கத்து வீட்டு நிழலோ தென்னை நிழலோ விழக்கூடாது. குளிர்நீர்த் தொட்டியின் அடி, சோலார்த் தொட்டியின் தலையைவிட உயரத்தில் இருக்க வேண்டும். நம் வீடுகளில் சின்டெக்ஸ் தொட்டியைத் தரையோடு வைத்திருப்பார்கள். அதற்கு மேடை கட்டும் செலவை முதலிலேயே கணக்கில் சேருங்கள். பாதிப் பேர் கடைசியில்தான் தெரிந்துகொண்டு சங்கடப்படுகிறார்கள்.

சோலார் வெந்நீர் கீழே வர நேரமாகிறது. முதலில் வாளி நிறையப் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது.

மாடியில் இருந்து தரைத்தளம் வரை முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் ஓடினால், அதற்குள் நிற்கும் தண்ணீரே 4 லிட்டர். இரவு முழுவதும் ஆறிப்போன அந்தத் தண்ணீர் வெளியேறிய பிறகுதான் சூடு வரும். குழாய்க்கு உறை போட்டால், ஒருவர் குளித்து முடித்து அடுத்தவர் வரும் வரை சூடு தங்கும். காலை முதல் ஆளுக்கு உறையால் பயனில்லை. அந்த 4 லிட்டரைப் பிடித்து வைத்துக் கலந்துகொள்ளுங்கள். குளியலறை மாடிக்கு நேர் கீழே இருக்கும்படி வீடு கட்டியவர்கள் பாக்கியசாலிகள்.

வெந்நீருக்கு சி.பி.வி.சி. குழாய் மட்டும். 93 டிகிரி வரை தாங்கும்படி செய்தது அது. சாதாரண வெள்ளைப் பி.வி.சி. குழாயைப் போட்டால் சூட்டில் நெளிந்து மூட்டு விடும்.

அழுத்த மோட்டார் வைத்தோம். அன்றிலிருந்து மாடியில் சோலார்த் தொட்டி வழிகிறது. தொட்டி போய்விட்டதா?

தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வடவள்ளியில் ஒரு வீட்டில் இதே புகாருக்காகத் தொட்டியையே மாற்றிவிட்டு, அதற்குப் பிறகும் வழிகிறது என்று என்னை அழைத்தார்கள். பச்சைத் தண்ணீர்க் குழாயில் மட்டும் மோட்டார் இருந்தது. வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் சேரும் மிக்சர் குழாயை அரைகுறையாக மூடியதும், அழுத்தம் மிகுந்த பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய் வழியாகத் தலைகீழாக ஏறி, மாடியில் காற்றுக் குழாய் வழியே கொட்டியது. வெந்நீர்க் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுவது) போட்டதும் நின்றது. சாதாரணக் கண்ணாடிக் குழாய் சோலாரை நேரடியாக மோட்டாரில் இணைப்பது இதைவிட மோசம். அதன் தொட்டி அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். அழுத்தம் வேண்டுமென்றால் அதற்கென்று செய்த வகையை வாங்க வேண்டும்.

ஹீட் பம்ப் என்கிறார்களே, வாங்கலாமா?

ஏ.சி. அறைச் சூட்டை எடுத்து வெளியே தள்ளுவது போல, இது காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குத் தள்ளுகிறது. 1 யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 3 யூனிட் சூடு. நம் ஊர்க் காற்று வெதுவெதுப்பானது என்பதால் நன்றாக வேலை செய்யும். ஆனால் விலை அதிகம், இடம் வேண்டும். நான்கு பேர் வாளியில் குளிக்கும் வீட்டில் போட்ட பணம் திரும்பி வர மிகவும் நாளாகும். பத்துப் பேர் இருக்கும் கூட்டுக் குடும்பம், விடுதி, மாடியில் வெயில் விழாத கட்டடம் என்றால் தயங்காமல் யோசிக்கலாம்.

கேஸ் கீசர் மலிவாக இருக்கிறது. குளியலறையில் மாட்டலாமா?

கூடாது. எவ்வளவு பெரிய குளியலறையானாலும், ஜன்னல் இருந்தாலும், "இரண்டு நிமிடம்தானே" என்றாலும் கூடாது.

மூடிய அறையில் எரியும் கேஸ் அங்குள்ள ஆக்சிஜனைத் தின்றுவிட்டு, அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. கதவைத் தாழிட்டுக் குளிக்கப் போனவர் தலை சுற்றி உட்காருவார். எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கக் கைகால் வராது. இந்தியாவில் இப்படி மயங்கி விழுந்தவர்களைப் பற்றி நரம்பியல் மருத்துவர்கள் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். முதலில் வலிப்பு நோய் என்று நினைத்து வைத்தியம் பார்த்தவர்களும் உண்டு. கேஸ் கீசர் வேண்டுமென்றால் காற்றோட்டமான பின்கட்டிலோ திறந்த பால்கனியிலோ சுவரின் வெளிப்புறம் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள். சிலிண்டரும் வெளியேதான். ஏற்கெனவே உள்ளே மாட்டியிருந்தால், இதைப் படித்து முடித்ததும் சிலிண்டர் வால்வை மூடிவிடுங்கள். நாளை ஆளைக் கூப்பிட்டு இடம் மாற்றுங்கள்.

பழைய வயரிங்கிலேயே புதுக் கீசரை மாட்டலாமா?

2 கிலோவாட் கீசர் இழுப்பது 8.7 ஆம்பியர், 3 கிலோவாட் 13 ஆம்பியர். டியூப்லைட்டுக்குப் போன வயரில் இதை இணைத்தால் வயர் சுவருக்குள்ளேயே வேகும். 16 ஆம்பியர் பிளக், மெயினில் இருந்து தனியாக வரும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தூரம் அதிகம் என்றால் 4, தனி எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) இவை வேண்டும். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது, ஓரம் பழுப்பேறியிருக்கிறது என்றால் தொடர்பு தளர்ந்திருக்கிறது. சுவிட்ச் ஈரக்கைக்கு எட்டாத இடத்தில், குளியலறைக்கு வெளியே இருக்கட்டும்.

எர்த் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்று முனை பிளக்கில் மேலே இருக்கும் தடித்த முனை எர்த். பழைய வீடுகளில் அந்தத் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. கழற்றிப் பார்த்தால் பச்சை வயர் சுருட்டி ஓரமாக விட்டிருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் காயில் வெடித்தால், மின்சாரம் போக வேறு வழியின்றிக் குழாயைத் தொடும் கை வழியாகத்தான் போகும். பச்சை வயர் வீட்டு எர்த் குழி வரை தொடர்கிறதா என்று மீட்டர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) போடுங்கள், அதில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம், அன்றே மாற்றுங்கள். கீசருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வாளியில் போடும் ஹீட்டர் கம்பியை இன்னும் பயன்படுத்துகிறவர்கள், பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் விரல் வைத்துச் சூடு பார்க்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

கீசரை மாட்டும் சுவர் எப்படி இருக்க வேண்டும்?

தண்ணீர் நிரம்பிய 25 லிட்டர் கீசர் 35 கிலோவுக்கு மேல் கனக்கும். செங்கல் சுவரில் நல்ல போல்ட் போதும். இப்போது கட்டும் வெள்ளை லேசுக் கல் சுவர்களில் சாதாரண போல்ட் பிடிக்காது; அதற்குரிய ஆங்கர் கேட்டு வாங்குங்கள். மாட்டி முடித்ததும் வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் தொடர்ந்து கொட்டும் வரை காத்திருந்து, அதன் பிறகே சுவிட்ச் போட வேண்டும். வெறும் தொட்டியில் சுவிட்ச் போட்டால் காயில் அன்றைக்கே போய்விடும்.

கீசருக்குப் பக்கத்தில் இருக்கும் பாதுகாப்பு வால்வில் தண்ணீர் சொட்டுகிறது. அடைத்துவிடலாமா?

அடைக்கவே கூடாது. 25 லிட்டர் தண்ணீர் 27 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஒன்றரை டம்ளர் அளவு பெருகும். அந்தப் பெருக்கம் வெளியேறும் வாசல் அது. சூடாகும் நேரத்தில் சொட்டினால் நல்லது, வேலை செய்கிறது. எப்போதும் ஒழுகினால் வால்வை மாற்றுங்கள். எட்டாவது மாடியில் இருந்தாலோ அழுத்த மோட்டார் இருந்தாலோ 8 பார் அழுத்தம் தாங்கும் கீசராக வாங்குங்கள்.

எத்தனை டிகிரியில் வைப்பது? நாள் முழுவதும் போட்டு வைக்கலாமா?

55 முதல் 60. அதற்கு மேல் போனால் உப்பு வேகமாகப் படியும். 45க்குக் கீழே வைத்து நாள்கணக்கில் தேக்கினால் கிருமி வளரும். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும் என்பதால், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்று பழகுங்கள்.

குளிப்பதற்கு இருபது நிமிடம் முன் போட்டு, குளிக்கப் போகும்போது அணையுங்கள். ஸ்டார் முத்திரை அளப்பது, சும்மா இருக்கும்போது தொட்டி எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதைத்தான். தண்ணீரைச் சூடாக்க எல்லாக் கீசருக்கும் ஏறக்குறைய ஒரே மின்சாரம்தான் வேண்டும். அதனால் எப்போதும் போட்டு வைக்கும் வீட்டுக்கு ஐந்து ஸ்டார் அவசியம். போட்டு, குளித்து, அணைக்கும் வீட்டில் மூன்றுக்கும் ஐந்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தப் பணத்தை நல்ல அனோடு ராடுக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் போடுங்கள்.

கரன்ட் பில் எவ்வளவு கூடும்?

நான்கு பேர், ஆளுக்கு ஒரு வாளி என்றால் சமவெளியில் ஒரு நாளைக்கு 1.2 யூனிட். இரண்டு மாத பில்லில் வீணாகும் சூட்டையும் சேர்த்து 80 முதல் 90 யூனிட். ஊட்டியில் அதைப்போல் இரு மடங்கு. 2022 செப்டம்பரில் வந்த கட்டண அமைப்பில், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் கூடியது. உங்கள் பில் 450 அளவில் நிற்கிறது என்றால், கீசரின் 80 யூனிட் உங்களை எங்கே தள்ளும் என்று நடப்பு விலைப்பட்டியலை வைத்துப் பாருங்கள். சோலாரா மின்சாரமா என்ற கேள்விக்குப் பல வீடுகளில் அந்த ஒரு கணக்கே விடை தரும்.

பாட்டி வீட்டில் செம்பு பாய்லர் இருக்கிறது. எடைக்குப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். என் தாய்மாமன் வீட்டுப் பின்கட்டில் நின்ற பாய்லரில்தான் நான் இந்தத் தொழிலின் முதல் பாடத்தைக் கற்றேன். நடுவில் நெருப்புக் குழல், அதைச் சுற்றித் தண்ணீர், அடியில் சாம்பல் தட்டு. மேலே புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், அது அடிக்குப் போய், அதே அளவு வெந்நீரை மேல்மூக்கு வழியே வெளியே தள்ளும். இன்றைய கீசரும் அப்படித்தான்: பச்சைத் தண்ணீர் கீழே நுழைந்து வெந்நீரை மேலே தள்ளுகிறது. கொட்டாங்குச்சியும் தென்னை மட்டையும் கிடைக்கும் வீட்டில், தோட்டத்து ஓரமாக அது இன்றும் பயன்படும். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு இருபது பேர் கூடும்போது எந்தக் கீசரும் அதற்கு ஈடு கொடுக்காது.

குளியலறைக்குள் வைக்க வேண்டாம். கேஸ் கீசருக்குச் சொன்ன ஆபத்து விறகுக்கும் உண்டு. கூரை மட்டும் இருந்து பக்கங்கள் திறந்த இடம் நல்லது. பல வருடம் சும்மா கிடந்ததென்றால் பாத்திரப் பட்டறையில் கொடுத்து மூட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய் திருகைப் புதிதாகப் போடுங்கள். தண்ணீர் மூக்கு வழியே வழியும் வரை நிரப்பிய பிறகே தீ மூட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் மூட்டினால் ஈயப் பற்று உருகி, மூட்டு முழுவதும் விட்டுவிடும்.